ராக்கி நேபாளம் போகிறான்

இன்று காலை கே.கே. நகரில், பூனைக்கு ஊசி போட ஒரு கால்நடை மருத்துவரிடம் காத்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர். அவர் காலடியில் ராக்கி என்ற லாப்ரடார். குடும்பத்தோடு காரிலேயே நேபாளம் போகிறார்களாம், ராக்கியும்தான். எல்லையில் காட்ட, நாய்க்கு நோயில்லை என்று சான்றிதழ் வாங்க வந்திருந்தார்.

அவர் வரச் சொல்லியிருந்த ஆக்டிங் டிரைவர் வந்தார். ராக்கி எழுந்து போய் அவர் கையை நக்கியது.

"வண்டி ஓட்டுறதோட இவனுக்குச் சோறும் வைக்கணும்" என்றார் நாய்க்காரர்.

"வச்சிருவோம்ணே. பனிமலைக்குப் போறேன்னு வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"எந்த ஊரு?"

"அழகர்கோவில் பக்கம்ணே."

"அது சரி. ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிண்ணே."

நாய்க்காரர் கொஞ்ச நேரம் கைபேசியைப் பார்த்தார். "சொல்லி அனுப்புறேன், தம்பி."

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. ராக்கியின் தலையைத் தடவிவிட்டு, "வாரேன்ணே" என்று படியிறங்கினார்.

நாய்க்காரர் ஒரு வெட் டிஷ்யூவை உருவி, ராக்கியின் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், வீட்ல ஒத்துக்க மாட்டாக."

"தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றேன். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ராக்கிக்குச் சான்றிதழ் கிடைத்தது. நோய் எதுவும் இல்லை.

நாயைக் கூட்டி வருபவரையும் சோதித்துவிட்டு உள்ளே விடும் எல்லை எந்த நாட்டிலாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நடந்தாவது போய்க் குடியேறிக்கொள்கிறேன்.