கல்லுக்கு அடியில் இரண்டு எழுத்து

போன வாரம் ராயப்பன்பட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் நண்பர் சவரிமுத்துவின் கல்லறைக்கு அன்றைக்குத்தான் பெயர்க்கல் பதித்தார்கள். அவர் மனைவி லூர்து, இத்தாலியிலிருந்து வந்திருந்த மகள் ஜெசி, கொத்தனார், நான் — அவ்வளவு பேர்தான்.

அம்மாவும் மகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்தே இப்படித்தானாம். அடுத்த நாள் ஜெசி இத்தாலிக்குத் திரும்ப வேண்டும்.

ஏன் பேசவில்லை? சொல்கிறேன்.

சவரிமுத்து உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். மற்றவர்கள் பாடத்தை அமெரிக்காவில் ஆரம்பிப்பார்கள். இவர் இத்தாலியில் ஆரம்பிப்பார்!

"பீசான்னா சாஞ்ச கோபுரம் மட்டும்தானாடா? அங்க யுனிவர்சிட்டி வாத்தியாருகளே சேந்து கம்ப்யூட்டர் கட்டுனாகடா!" என்பார். கம்ப்யூட்டர் ஒரு ரூமையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், இத்தாலிக்காரர்கள் மேசைமேல் வைக்கிற மாதிரி ஒன்றைச் செய்து நியூயார்க் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்களாம். பார்த்தவர்கள் நம்பவில்லை. பின்னால் பெரிய மெஷின் ஏதும் இருக்கிறதா என்று வயரைத் தேடினார்களாம். மாணவர்கள் சிரிக்கிறார்களோ இல்லையோ, இவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவருக்கு உயிரான கதை வேறு. இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன ஒரு இன்ஜினீயர். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கிய குழுவில் முக்கியமான ஆள். டிசைன் முடியும்போது சிப்பின் ஓரமாகத் தன் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டைச் சேர்த்துவிட்டார். மைக்ராஸ்கோப் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

"தெரியாட்டி என்ன? நான் இங்கன இருந்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருல்ல!"

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண் வேறெங்கே போவாள்? படிக்க பீசாவுக்கே போனாள்.

அங்கே அவளுக்குப் பரீட்சை நடந்த சமயத்தில் இங்கே இவர் படுத்துவிட்டார். நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே... பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தலையில் இடி விழுந்தாலும் வாய் திறக்க மாட்டோம். "அப்பா தூங்குறாக", "அப்பா கோயிலுக்குப் போயிருக்காக" — ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி லூர்து போனில் சொன்ன பதில்கள் இவை.

அவர் போய்விட்டார். அப்போதும் சொல்லவில்லை! கண்ணீர் அஞ்சலி படத்தை யாரும் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்று சொந்தபந்தம் முழுக்கக் கட்டளை. அடக்கம் முடிந்து, கடைசிப் பரீட்சையும் முடிந்த பிறகுதான் ஜெசிக்கு விஷயம் போனது.

"அவுகதாண்ணே சத்தியம் வாங்குனாக. 'என்ன ஆனாலும் பிள்ளைக்குச் சொல்லாத'ன்னாக" என்று லூர்து என்னிடம் அழுதாள். யாரைக் குற்றம் சொல்வது? பாசத்தில்தான் மறைத்தார்கள். ஆனால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாத பாசத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்?

கொத்தனார் சிமெண்ட்டைப் பூசி, கல்லைத் தூக்கப் போனார். ஜெசி முன்னால் வந்தாள்.

"அண்ணே, ஒரு ஆணி குடுங்க."

குனிந்து, ஈர சிமெண்ட்டில் ஓரமாக இரண்டே எழுத்து கீறினாள். ச.ஜெ.

"கல்லு வச்சா மூடிப்போகுமேத்தா!" என்றார் கொத்தனார்.

"பரவால்லண்ணே."

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணீரில் ஒன்றும் தெரியாமல் லூர்துதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்னத்தா எழுதுன?"

ஜெசி ஆணியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"என் பேரும்மா. அன்னைக்குத்தான் என்னைய விடல. இன்னைக்காவது நான் இங்கன இருந்துக்கிறேன்."

லூர்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லியிருக்கணும்த்தா... நான் சொல்லியிருக்கணும்..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். 'பரவாயில்லை' என்று ஜெசி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கொத்தனார் கல்லை வைத்துத் தட்டிச் சரிசெய்தார். எழுத்து மறைந்தது.

அந்த இத்தாலிக்காரர் வைத்த இரண்டு எழுத்தும் அவருடைய பெயர்தான். நமக்கு அப்படியா... முதல் எழுத்து அப்பா ஆயிற்றே!