தேந்த் என்றால் வான்கோழி

வான்கோழிக்குப் பிரெஞ்சில் தேந்த் என்று பெயர். 'இந்தியாவைச் சேர்ந்த' என்பதற்கும் தேந்த்தான். எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். காதுக்கு இரண்டும் ஒன்றே. இத்தனை வருடங்களாக இந்த ஊரில் பிரெஞ்சு பேசித்தான் பிழைக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் எடுப்பதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, இறைச்சிக் கடைக்காரர் அதைத் தூக்கிக் காட்டினால், வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுப் பக்கத்தில் கிடக்கிற சாதாரணக் கோழியை வாங்கிக்கொண்டு வருவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நானும் என் கூட்டாளியும் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஐந்தாம் மாடி அறையொன்றில் இருந்தோம். நான் மன்னார்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்தான், வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன். அவன் யாழ்ப்பாணம் டவுனில் தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவன், சைவக்காரன், ஆட்டுக்கு மேலே எந்த மிருகத்தையும் கிட்டப் பார்த்திராதவன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆளை ஆள் மச்சான் என்று கூப்பிடுவோம்.

என்னிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ரெசெப்பிசே என்ற தற்காலிக அனுமதித் துண்டுக் கடதாசி இருந்தது. அவனிடம் அதுவும் இல்லை. அவனுடைய அகதி வழக்கை ஒருமுறை நிராகரித்தார்கள். மேன்முறையீடு செய்தான், அதையும் நிராகரித்தார்கள். நாட்டைவிட்டு வெளியேறும்படி வந்த கடிதத்தை நாலாக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருந்தான். பிடிபட்டால் விமானம். விமானம் என்றால் கொழும்பு. கொழும்பில் இறங்கியபின் ஒரு தமிழ் இளந்தாரிக்கு என்ன நடக்கும் என்று அந்த வருடங்களில் எவரும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அவன் பிடிபடக் கூடாது. எங்களுடைய சாப்பாடு, வேலை, நடை எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான் நடந்தன.

ஆகவே எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். தெருவில் சேர்ந்து நடப்பதில்லை. காகிதம் உள்ளவன் முன்னே, இல்லாதவன் பதினைந்து அடி பின்னே. முன்னே போகிறவனைப் பொலிஸ் மறித்தால் பின்னே வருகிறவன் திரும்பிவிட வேண்டும். திரும்ப வழியில்லையென்றால் முன்பின் தெரியாதவன்போலக் கடந்துபோக வேண்டும். எது நடந்தாலும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இதை ஒரு மாதம் பழகினோம். அவன் என்னைவிட நன்றாகப் பழகினான். தபால் கந்தோர்க்காரன் அல்லவா, ஒழுங்கு என்றால் உயிர்.

ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலவறையில் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். முதலாளி கெட்டவரில்லை. எங்களைப் பற்றி யாராவது கேட்டால் "தேந்த்" என்பார். இலங்கை என்று நான் பலமுறை திருத்திப் பார்த்தேன். "ஓ, தேயிலை" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் மறுபடியும் தேந்த் என்பார். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

இலையுதிர் காலம். ஒருநாள் கூட்டாளி மேலே தட்டுகளை வைக்கப் போனவன், ஈரக் கை காயாமல் ஓடி இறங்கி வந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"மச்சான், முதலாளி ஆரோடயோ போனில கதைக்கிறார். தேந்த் எல்லாரும் ஒளிச்சிருக்கினமாம். வாயே திறக்கிறேல்லையாம். வெளியில கிளப்ப வேணுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகினமாம்."

"ஆர் வருகினம்?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பொலிசாத்தான் இருக்கும். எங்களைச் சொல்லிக் குடுக்கிறாரடா."

என்னிடம் காகிதம் இருந்தது. ஆனாலும் பயம் காகிதம் பார்த்து வருவதில்லையே. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் போய்க் குந்திக்கொண்டோம். கோப்பைகள் மலையாகக் குவிந்தன. கடைசியில் முதலாளியே இறங்கி வந்து மூட்டைகளை விலக்கினார். கூட்டாளி கையெடுத்துக் கும்பிட்டு, உடைந்த பிரெஞ்சில், பொலிஸ் வேண்டாம் என்றான். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும், அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு கையையும் செட்டைபோல அடித்து, தொண்டையை ஆட்டி, 'குளுகுளு' என்று ஒரு சத்தம் எழுப்பினார். வான்கோழி!

அவருடைய மச்சினனுக்கு நகரத்துக்கு வெளியே வேலியடைத்த சொந்தக் காடு ஒன்று இருந்தது. அமெரிக்கக் காட்டு வான்கோழிகளைக் கொண்டுவந்து அதற்குள் விட்டிருந்தாராம். வசந்தத்தில் சேவல்கள் கத்தித் தாங்களே இடத்தைக் காட்டிவிடும். இலையுதிர் காலத்தில் மூச்சுக் காட்டாது. மூன்று ஞாயிறு துவக்கோடு அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

கூட்டாளி வெங்காய மூட்டைமேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடிதம் வந்த நாள் முதல் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அது எங்கள் பகிடியாகிவிட்டது. காலையில் எழும்பியதும் "என்னடா தேந்த், இண்டைக்குக் கத்துவியோ, கத்தமாட்டியோ" என்பான்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கனத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சும்மா இருந்திருக்கலாம். முதலாளியிடம் போய், கத்தாத பறவையை நான் கண்டுபிடித்துத் தருவேன் என்றேன்.

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் காட்டுக்கோழியை யாரும் நேரே தேடுவதில்லை. பாலைப்பழக் காலத்தில் பச்சைப்புறாக்கள் எந்த மரத்தில் இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும். மேலே புறா தின்றால் கீழே பழம் சிந்தும். சிந்துகிற இடத்துக்குக் கோழி வரும். கரிக்குருவி தாழ்ந்த கொப்பில் இருந்து திரும்பத் திரும்ப நிலத்துக்கு இறங்கினால், அங்கே ஏதோ ஒன்று சருகைக் கிளறிப் பூச்சியை எழுப்புகிறது என்று அர்த்தம். கோழி வாய் திறக்காது. அதைச் சுற்றியிருப்பவைதான் அதைச் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உணவகம் பூட்டு. நான் பூசைக்குப் போகவில்லை. கூட்டாளியையும் வரச் சொல்லி நச்சரித்தேன். அவன் மாட்டேன் என்று நின்றான்.

"காட்டுக்குள்ள ஆரடா உன்னட்டைக் காகிதம் கேக்கிறது? முதலாளியின்ர காரில போறம். ஒருநாளாவது வெயிலைப் பார்."

வெயில் இல்லை. ஆனால் அவன் வந்தான். அவனை இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

இந்த நாட்டுப் பறவை ஒன்றுக்கும் எனக்குப் பெயர் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை. காட்டுப் புறாக்கள் ஒரு கூட்டம் சரிவில் நின்ற கருவாலி மரங்களில் இறங்கிக் கொட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தன. முதலாளியையும் மச்சினனையும் கையால் மறித்து, அந்தப் பக்கம் நடத்தினேன். நீலச் செட்டைக்காரன் ஒன்று எங்களைக் கண்டு கத்திக்கொண்டு பறந்தது. அது அடங்கும்வரை மரத்தோடு மரமாக நின்றோம். பிறகுதான் அதைக் கண்டேன். நெஞ்சு சிவந்த சின்னக் குருவி. பன்னச் செடிகளுக்கு மேலே ஒரு குச்சியில் இருந்து கீழே குதித்தது, ஏறியது, மறுபடியும் குதித்தது. அந்த இடத்தில் வேறொன்றும் தெரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

"அங்கை பார்," என்று கூட்டாளியின் காதுக்குள் சொன்னேன்.

"சின்னக் குருவியெல்லோ?"

"குருவியைப் பார்க்காதை. அது ஆரைப் பார்க்குதெண்டு பார்."

துவக்குகள் வெடித்தன. ஆறோ ஏழோ பெரிய கரிய உடம்புகள் செடிக்குள்ளிருந்து கிளம்பின. மூன்று விழுந்தன. முதலாளி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். எனக்கு, ஒளிப்பானேன், உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் ஏதோ ஒன்றில் கெட்டிக்காரனாக இருந்தது அன்றைக்குத்தான்.

கூட்டாளி விழுந்த பறவைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"இது ஒண்டும் செய்யேல்லையே மச்சான். வாயே திறக்கேல்லை. அந்தக் குருவியெல்லோ காட்டிக் குடுத்தது. ஆட்காட்டி."

"ஆட்காட்டியைத் தெரியாமல் கதையாதை," என்று சிரித்தேன். "ஆட்காட்டி கத்தினால் வேட்டை குழம்பும். அது ஆள் வாறான் எண்டு மிருகங்களுக்குச் சொல்லுற குருவி. எங்கடை ஆக்கள்தான் அந்தப் பேரைக் காட்டிக் குடுக்கிறவங்களுக்கு வைச்சிருக்கினம்."

"அப்ப இந்தக் குருவிக்கு என்ன பேர்?"

"அதுக்கென்ன பேர். அது பாவம், தன்ர பசிக்குப் பார்த்தது."

முதலாளி ஒரு வான்கோழியைக் கறுப்புப் பையில் போட்டு எனக்குத் தந்தார். நகர எல்லையில் எங்களை இறக்கிவிட்டார். மெத்ரோவில் தனித்தனி இருக்கைகளில் உட்கார்ந்து லா சப்பல் நிலையத்துக்கு வந்தோம். அங்கே ரயில் தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடும். மாலை ஐந்து மணி இருக்கும், வெளிச்சம் மிச்சமிருந்தது. நான் முன்னே, அவன் பின்னே. படிக்கட்டில் இறங்கும்போது நான் கவனித்திருக்க வேண்டும். அடியில் எந்நேரமும் நின்று அனுமதியில்லாமல் குடையும் பெல்ட்டும் விற்கிற ஆட்கள் ஒருவரும் இல்லை. காட்டில் அத்தனை நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்கு, தினமும் இறங்குகிற படிக்கட்டில் அது படவில்லை. கெட்டிக்காரத்தனம் இன்னும் தலையிலிருந்து இறங்கியிருக்கவில்லை.

சீருடை இல்லாத இரண்டு பேர். ஒருவன் என்னை மறித்துக் காகிதம் கேட்டான். மற்றவன் இரும்புத் தூணில் சாய்ந்து நின்றான். ரெசெப்பிசேயைக் கொடுத்தேன். பின்னால் கூட்டம் நெருக்கியதால் கூட்டாளிக்குத் திரும்ப வழியில்லை. பழகியபடியே வந்தான். என்னைத் தெரியாதவன்போல, அவசரமில்லாமல், என் தோளை உரசாமல் கடந்துபோனான். காகிதம் சரி என்று என்னிடம் திரும்பியது. அவன் நாலடி தள்ளிப் போய்விட்டான். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது காகிதம் பார்த்தவன் பையைக் காட்டினான். திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, உரக்கச் சொன்னான்:

"தேந்த்!"

கூட்டாளியின் கன்னம் அசைந்தது. பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது; வெங்காய மூட்டைமேல் சிரித்த அதே சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் பார்த்தேன். ஒரு கணம்தான். ஒரு பகிடி இரண்டு பேருக்குச் சொந்தமானால் மற்றவனைப் பார்க்காமல் இருக்க எவனால் முடியும்?

தூணில் சாய்ந்திருந்தவன் காகிதத்தையும் பார்க்கவில்லை, பையையும் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். என் பார்வை போன வழியில் அவனும் பார்த்தான். பிறகு அவசரமே இல்லாமல் நடந்துபோய், "மிசியே" என்று கூட்டாளியின் தோளைத் தொட்டான்.

இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார்கள். இவனைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். அவனிடம் கேட்டார்கள். அவனும் தெரியாது என்றான். பொலிஸ் வண்டியில் ஏற்றும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. முறையைக் கடைசிவரை காத்தவன் அவன்தான்.

ஆட்காட்டி என்றால் கத்தியிருக்கும். படியின் அடியில் கால் வைத்த உடனே, "மச்சான், ஓடு" என்று நான் கத்தியிருந்தால், கூட்டத்தில் அவன் தப்பியிருக்கவும் கூடும். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பார்க்கத்தான் தோன்றியது.

சில நாள் கழித்து அவனை விமானத்தில் ஏற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. கொழும்பில் இறங்கினான் என்பதுவரை அவனுடைய தமக்கை எழுதிய கடிதத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து சேரவில்லை. நீங்கள் ஒரே அறையில் இருந்தவர்கள், ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தேன். பலமுறை உட்கார்ந்தேன். கடைசியில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிப் போட்டேன்.

பிடிபட்ட அந்த மாலையைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். எறிந்துவிட மனம் வரவில்லை. இறகு பிடுங்கி, தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். திங்கட்கிழமையும் உணவகம் பூட்டு. அவனுடைய மெத்தைக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு நாளும் அதைத்தான் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளி நிலவறைக்கு இறங்கி வந்தார். நான் மட்டும் தொட்டியடியில் நின்றேன்.

"தேந்த் எப்படி?" என்று கேட்டார்.

பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் செட்டைபோல அடித்துக் காட்டினார்.

நல்ல ருசி என்றேன்.