ரிப்பன் கட்டிய ஹீட்டர்

என் அம்மா பேச்சியம்மா வழுக்கி விழுந்து இறந்ததாக முதியோர் இல்லச் சங்கத்தின் மரண அறிவித்தலில் போட்டிருந்தார்கள். கையில் கொதிநீர் வாளி இருந்ததைப் போடவில்லை.

கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்த முதியோர் இல்லம் முன்பு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. குழந்தைகளைப் பார்க்கும் இடம். பிறகு பூட்டிக் கிடந்தது. வேலை நின்றதோடு தோட்டம் கொடுத்த லயத்து அறையையும் இழந்த இரண்டு கிழவிகளை அம்மா அங்கே குடிவைத்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்து அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார். இருவர் பதினொருவரானார்கள். அதன் பிறகுதான் டவுன் கடைக்காரர்கள் சங்கம் அமைத்து வந்து பெயர்ப்பலகை மாட்டினார்கள். பலகையில் ஸ்தாபகர் சண்முகராஜா முதலாளி. அம்மா சமையல்காரி. அவருக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

விடிகாலைக் குளிரில் அம்மா விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பாசி பிடித்த படிகளில் இறங்கிக் குளியலறைக்குச் சுமப்பார். லண்டனில் இருக்கும் ஒருவர் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தார். சுவரில் மாட்டி, குழாய் இணைத்து, பொலித்தீனைக்கூடக் கழற்றாமல் மேலே ரிப்பன் கட்டினார்கள். கரண்ட் மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தவர் வந்து சுவிட்ச் போடும்வரை யாரும் தொடக்கூடாது என்றார் முதலாளி. இரண்டு வருடமாக அவர் வரவில்லை.

நான் மின் தொழில்நுட்ப அலுவலர். போன தீபாவளிக்கு வயரும் பிரேக்கரும் கொண்டுபோனேன். அம்மா தடுத்தார்.

"குடுத்தவங்க கண்ணுல பாக்க முந்தி நாம குளிச்சா நல்லாவா இருக்கும்? எடுத்து வையி."

மார்கழியில் விழுந்தார்.

கருமாதிக்கு மறுநாள், ஹாலில் அம்மாவின் படத்தைத் திறக்க முதலாளி வந்தார். படத்துக்கும் ரிப்பன். நான் கருவிப் பையோடு குளியலறைக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார்.

"சித்திரைக்குக் கட்டாயம் வாறாராம், மகள். ஒரு மரியாதைக்காவது கொஞ்சம் பொறுங்க."

"எங்கம்மா பொறுத்தாங்க முதலாளி. இன்னும் யாரு பொறுக்கணும்?"

முதலில் வந்த இருவரில் உயிரோடிருக்கும் வீராயி கைத்தடியோடு வாசலில் நின்றார்.

"அந்த ரிப்பன எங் கொண்டையில கட்டிவிடு புள்ள. அவரு வந்து வெட்டட்டும்."

முதலாளி ஹாலுக்குத் திரும்பினார். நான் ரிப்பனை அறுத்தேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, எர்த் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன்.

ஹாலில் படத்தின் முன் முதலாளி தனியாக நின்றார். இல்லத்தில் இருந்த எல்லோரும் துவாயோடு குளியலறை வாசலில் நின்றார்கள்.