வெந்துபோன கார்ட்ரிட்ஜும் ஓர் அடைக்கோழியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் எல்லார் வீட்டிலும் கேசட் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டினார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பிடித்திருந்த பைத்தியம் ஒரு பழைய கார்ட்ரிட்ஜ்.

கார்ட்ரிட்ஜ் என்பது இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசியைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டி. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஊசியின் நடுக்கத்தைப் பாட்டாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. புதிதாக வந்தவை கோழி இறகு மாதிரி லேசாக இருந்தன, சத்தமும் துல்லியம். எங்களுடையது தட்டின் மேல் எருமை மாதிரி உட்காரும். ஆனால் அதில் ஒருவர் பாடினால் குரல் அடிவயிற்றிலிருந்து வரும்.

“புதுசுல பாடுறவன் பல்லு மட்டும்தான் தெரியுது மச்சான். நம்மளோடதுல ஆளே வந்து முன்னால நிக்கிறான் லா” என்பார் மச்சான்.

அதற்கு ஈரம் ஆகாது. உள்ளே இருப்பது ஒருவகை உப்புப் படிகம், ஈரக்காற்று பட்டால் ஊமையாகிவிடும் என்று ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, சொல்லியிருந்தார். ஈப்போவிலோ மதியம் தாண்டினால் மழை. அதனால் பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிடுவேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கை மச்சானிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மீன் வாங்கப் போயிருந்தேன். லாரியை விட்டு இறங்கிய மச்சானுக்குப் பசி. தானே உலை வைத்துவிட்டார். நாங்கள் திரும்பியபோது சோறு தயாராக இருந்தது. மனைவி பானையைத் திறந்து அகப்பையை விட்டாள்.

“ஏங்க, சோத்துல என்ன இது, கரப்பானா?”

எட்டிப் பார்த்தேன். கரப்பானாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

“அண்ணே, அரிசிய களையாமலா போட்டீங்க?” என்றாள் மனைவி. அவளுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

“களைஞ்சேன் லா.”

“களைஞ்சிருந்தா இது கையில மாட்டியிருக்காதா?”

மச்சான் ஆவி பறக்கும் கார்ட்ரிட்ஜைச் சட்டை நுனியால் துடைத்து, பிறந்த குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். காயவைத்து மாட்டிப் பார்த்தோம். புட்டிக்குள் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

தவுக்கே அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். “சுடா மாத்தி லா” என்று உதட்டைப் பிதுக்கினார். செத்துவிட்டதாம். இதே ரகம் அந்தக் காலத்துத் துரைமார் கிளப்புகளில், ரேடியோவும் பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கும் ரேடியோகிராம்களில் இருக்கும், போய்த் தேடுங்கள் என்றார்.

சுங்கை சிப்புட் பக்கம் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்படியொரு கிளப் இருந்தது. அதில் ஓர் அக்கா குடியிருந்தார், தோட்டத்து டிராக்டர் ஓட்டுநரின் மனைவி. ரேடியோகிராம் கூடத்தில்தான் இருந்தது. அரைகுறையாகத் திறந்திருந்த மூடியை மச்சான் பயபக்தியோடு தூக்கினார். தட்டு சுற்றவேண்டிய இடத்தில் ஒரு பெட்டைக்கோழி உட்கார்ந்து எங்களை முறைத்தது.

“அடை உக்காந்திருக்கு தம்பி. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கோங்க” என்றார் அக்கா.

“கோழிய மெதுவா தூக்கி வச்சிட்டு…” என்று மச்சான் கையை நீட்டினார். கோழி கொத்திவிட்டது.

அதன்பின் அந்த வழியாக லாரி போகும்போதெல்லாம் மச்சான் இறங்கிக் கோழியை நலம் விசாரித்தார். சோளம் வாங்கிப் போட்டார். இதெல்லாம் என் தொழிற்சாலைக்குத் தெரியாது. ஒருநாள் அலுவலகத்தில் போனை எடுத்த பெண் நேராக என் மெஷினுக்கே ஓடிவந்தாள்.

“அண்ணே, உங்க மச்சான் போன் பண்ணாரு. எல்லாம் நல்லபடியா பொறந்துருச்சாம்! ஒண்ணு மட்டும் கொஞ்சம் கருப்பாம்!”

‘எல்லாம்’ என்ற சொல் அங்கே இருந்தவர்களை உலுக்கிவிட்டது. மலாய்க்காரச் சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார். கோழி என்று சொல்ல வாயெடுத்தேன். அரைநாள் லீவு கிடைக்கும்போது எதற்கு என்று மூடிக்கொண்டேன். மாலையில் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேர் குழந்தைப் பவுடரோடு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த என் மனைவியின் வயிற்றைக் குழப்பத்தோடு பார்த்தார்களாம். அதைப் பற்றி அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

நான் அப்போது தோட்டத்தில் மச்சானோடு இருந்தேன். குஞ்சுகள் காலடியில் ஓட, உலர்ந்த எச்சத்தைச் சுரண்டி, திருகாணியைத் தளர்த்தி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தோம். கோழிச் சூட்டில் ஈரம் அண்டவில்லை போலும். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எடுத்துட்டுப் போங்க. ஆனா எனக்கு ஒருக்கா பாட்டுப் போட்டுக் காட்டணும்.”

அடுத்த ஞாயிறு எங்கள் பிளேயரையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். புது ஊசி போட்டு, கார்ட்ரிட்ஜை மாட்டி, தட்டைச் சுற்றவிட்டோம். முதலில் ஓர் உறுமல். பிறகு அந்தக் குரல், கனமாக, கூடம் முழுக்க. எனக்குப் புல்லரித்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

பாட்டு முடியும்வரை அக்கா அசையாமல் கேட்டார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. சத்தந்தான் பெட்டிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. எம்மவன் புது கேசட் ரேடியோ வச்சிருக்கான். கொண்டாரச் சொல்லவா தம்பி?”

மச்சான் கண்ணைத் திறக்கவில்லை.

“வேணாம்க்கா. தட்டத் திருப்பி அந்தப் பக்கத்தையும் போடுறேன், கேளுங்க” என்றார்.