சித்தப்பாவின் சராசரி

என் புத்திசாலித்தனத்தை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிற சங்கதி ஒன்று உண்டு. எழுபதுகளின் நடுவில், மெல்பேணில் டண்டினோங் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. எனக்குப் பதினொரு வயது. தசமக் கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல் என்பதால் தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

அந்த வருடம் அப்பாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைத் தம்பியோடு படுக்கச் சொன்னார்கள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்குச் சித்தப்பா கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். ஊர்க் கழகத்தில் அவர்தான் தொடக்க ஆட்டக்காரராம். அவர் ஆட்டமிழந்தால் சனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுமாம். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெறுங்கையால் துடுப்பு வீசிக்கொண்டிருப்பார். இந்த ஊரில் அவரோடு பேச எங்கள் நாலு பேரை விட்டால் ஆளில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அந்தப் பகுதிக் கழகத்தின் அணித்தலைவர். மூன்றாவதாக இறங்க ஓர் ஆள் தேவை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பார்க்க வந்தார். சித்தப்பா வேலை கேட்டுப் போகிறவர் சேட்டிபிக்கற் காட்டுவதுபோலத் தன் பெட்டியிலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஊர்க் கழகத்தில் ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பல வருடத்து ஓட்டங்களை மணி மணியான எழுத்தில் பதிந்திருந்தார்.

ஊரில் எப்படி ஆடினீர்கள் என்று வந்தவர் ஆங்கிலத்தில் கேட்க, சித்தப்பா வார்த்தை தேடித் தடுமாறினார். நான் சும்மா இருந்திருக்கலாம். கொப்பியை இழுத்து, சித்தப்பாவின் பக்கத்தை மட்டும் கூட்டி, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து, விடையை நல்ல அவுஸ்திரேலிய உச்சரிப்பில் அறிவித்தேன்: பதினான்கு தசம் மூன்று. இந்த நாட்டில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த அந்தப் பழைய உலகசாதனை ஆட்டக்காரரின் சராசரி தொண்ணூற்றொன்பது சொச்சம் என்பதையும் யாரும் கேளாமலே சேர்த்துக்கொண்டேன்.

சரிதானா என்று வந்தவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை.

"பிழையில்லை, பிள்ளை. சரியாத்தான் பிரிச்சிருக்கிறாய்," என்றார்.

அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் இருக்கவில்லை. ஆங்கிலம் வைத்திருந்தவள் நான்.

வந்தவர் நல்ல மனிதர். கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டு, அணிக்கு ஓட்டக் கணக்கு எழுத வருவாரா என்று கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். வந்தவர் போனதும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உன்னை ஆரடி கேட்டது?" என்றாள். சித்தப்பாவுக்கு நான் ஒரு பதவி வாங்கிக் கொடுத்திருக்க, அம்மா ஏன் முறைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் அந்தக் கொப்பியில் மற்றவர்களின் பக்கங்களையும் கூட்டி வகுத்தேன். ஒருவருக்கு ஆறு, ஒருவருக்கு ஏழு. ஒன்பதைத் தாண்டியவர் சித்தப்பாவைத் தவிர எவருமில்லை. கட்டாந்தரையில் தும்புப்பாய் விரித்து ஆடிய ஆட்டம் அது. ஒரு பந்து கணுக்காலுக்கு வரும், அடுத்தது மூக்குக்கு வரும். முழு அணியும் எழுபதுக்குள் சுருள்கிற இடத்தில் பதினான்கு என்றால் சும்மாவா? அன்றைக்கே அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். எனக்கோ அவருடைய வாயை அடைத்தால் சரி என்றிருந்தது. நினைக்க இப்போதும் கூசுகிறது.

ஐந்து கோடைகாலம் சித்தப்பா சனிக்கிழமைகளில் மைதானத்து ஓர வாங்கில் குந்தியிருந்து மற்றவர்கள் அடித்ததை எழுதினார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டு, சப்பாத்துக்கும் வெள்ளை பூசிக்கொண்டு போவார். ஆள் குறைந்தால் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றுதான் அப்படிப் போனார். ஒருநாளும் ஆள் குறையவில்லை. கணக்கு எழுதுகிறவருக்கும் அதுதான் சீருடை என்று நினைத்து, அந்தச் சேட்டுக்கு நானே இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.