வெயில் துடைப்பவர்

விடுதிச் சமையற்கட்டின் மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு நிற்கிறது. வெயிலைக் குவித்து அண்டாவின் மேல் பாய்ச்சுவது அதன் வேலை. தினமும் அதைத் துடைத்து, சூரியன் போகும் பக்கமெல்லாம் திருப்பிவிடுவது மாப்பிள்ளையின் வேலை. விடுதியில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். தலைமைச் சமையல்காரர் அவருடைய மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அந்த உதவியை மச்சான் மறந்ததுமில்லை, பிறரை மறக்க விட்டதுமில்லை. மற்றபடி மாப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியதும் கிடையாது.

அந்த வருஷம் உலை கொதிக்கத் தாமதமானது. வானத்தில் மேகம் இல்லை. நீலமும் இல்லை, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. சாயங்காலம் மட்டும் கன்னாபின்னாவென்று சிவந்தது. பசியோடிருந்த மாணவர்கள் அதை ரசிக்கவில்லை.

"ஒரு கண்ணாடியத் துடைக்கத் தெரியலையா மாப்ளே? இப்படியே போனா வேற ஆள வச்சிடுவாங்க," என்றார் மச்சான்.

"எங்கண்ணன் மூஞ்சில கரியப் பூசிடாதீங்க," என்றாள் மனைவி.

மாப்பிள்ளை மாடிக்கு ஓடினார். துணியால் துடைத்தார். எலுமிச்சம்பழத்தால் துடைத்தார். கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தார். உலை இன்னும் தாமதமானது. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

தட்டைச் சோதிக்கப் பொறியாளர் வந்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"துடைக்கிறவரக் குத்தம் சொல்லாதீங்க. எங்கயோ தூரத்துல எரிமலை வெடிச்சிருக்கு. சாம்பல் சீக்கிரம் கீழ விழுந்துடும். கந்தகப் புகைதான் மேகத்துக்கும் மேல போய், பொடிப்பொடித் துளியாகி, உலகம் பூரா பரவிடுச்சு. அதுல பட்டு வெயில் சிதறுது. சிதறின வெயிலக் குவிக்க முடியாது. பூமியே கொஞ்சம் குளிர்ந்துதான் கிடக்கு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல சரியாயிடும்."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மச்சானை ஒரு பார்வை பார்த்தார்.

பொறியாளர் தட்டின் அருகே குனிந்தார். "அது சரி, இந்தக் கீறலெல்லாம் என்ன?"

வந்த உயிர் மறுபடியும் கிளம்பியது.

மச்சான் கீறல்களைப் பார்த்தார். மாப்பிள்ளையின் விரல்களைப் பார்த்தார். மூன்றில் துணிக் கட்டு. கம்பி நார் கிழித்த விரல் எப்படி இருக்கும் என்று ஒரு சமையல்காரருக்குத் தெரியாதா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுவும் எரிமலைதான் சார்," என்றார்.