நான்கு பக்கத்தில் நர்சம்மா

வெள்ளிமலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், கள்ளக்குறிச்சி பஸ்ஸில் அந்த நர்சம்மா எனக்குப் பழக்கமானார். மலையில் பல வருடம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். தியாகதுருகத்தில் தனியாக இருந்தார். தன் வாழ்க்கையைத் தானே எழுதி முடித்து ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற நர்சுகள் சேர்ந்து போடும் மலரில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

"நீ தமிழ் டீச்சராச்சே, சுருக்கிக் குடும்மா. எனுக்கு எதத் தள்றதுன்னே தெரியல" என்று பையை என் மடியில் வைத்தார்.

நான் பையோடு மலையேறிய வாரத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருப்பதாகக் கடைசி பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு பஸ் வரவில்லை. மற்ற ஆசிரியர்கள் முன்பே இறங்கிப் போயிருந்தார்கள். விடுதிப் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டுச் சமையல்காரரும் கிளம்பிவிட்டார். குடியிருப்பில் நான் மட்டும். ஓயாத மழை. பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. அதற்காகவே நர்சம்மா எழுதியதைச் சத்தம் போட்டுப் படித்தேன்.

குண்டு குண்டான எழுத்து. எந்த ஊரில் குழந்தை கால் முன்னால் வந்தது, எந்த ஓடையில் வெள்ளம் வந்து இக்கரையிலேயே நின்றார், எந்த டாக்டர் திட்டினார், ஒன்றையும் விடவில்லை. மலைக்கு வந்த புதிதில், தண்ணீர் தேவைப்படாதபோதும் காலிக் குடத்தோடு கிணற்றடிக்குப் போவாராம், நாலு பேர் பேசுவதைக் கேட்க. அதைப் படித்த சாயங்காலம் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். மழையில் கிணற்றடியில் யாரும் இல்லை.

நடுவில் ஓரிடத்தில், தடுப்பூசி முகாமுக்கும் மாற்றல் உத்தரவுக்கும் இடையே, இப்படி இருந்தது: 'அந்த ஐப்பசியில் பாப்பா காய்ச்சலில் போய்விட்டாள், திங்கட்கிழமை டூட்டியில் சேர்ந்தேன்.' முன்னும் பின்னும் புரட்டினேன். தனக்கு ஒரு மகள் இருந்ததாகவே வேறெங்கும் எழுதவில்லை.

சுருக்கி எழுத உட்கார்ந்தபோது மற்றதெல்லாம் சுலபமாகச் சுருங்கியது. பிறப்பு, பயிற்சி, வேலை பார்த்த ஊர்கள், ஓய்வு. அந்த வரி மட்டும் வளர்ந்தது. துவைத்த துணி காயாமல் தொங்கிய அந்த அறையில், மகளைப் பறிகொடுத்தவர் ஊர்ப் பிள்ளைகளைக் கையில் வாங்கியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அழுதுகொண்டுதான் எழுதினேன்.

ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். கள்ளக்குறிச்சி தாண்டியதும், வெட்டிய மரங்கள் ஓரமாகத் தள்ளப்பட்டு இலை கருகிக் கிடந்தன. தியாகதுருகம் வீட்டில் நர்சம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார்.

"எம்மாம் வருசம், இவ்ளோதானா? பஸ்ல போற மாதிரி போய்டிச்சே" என்று சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது இன்னாம்மா?"

"நீங்க எழுதனதுதாங்க."

"நான் ஒரு வரிதான எழுதனேன்."

"அது போதாதுன்னு தோணுச்சுங்க."

"அந்த ஒரு வரிக்கே எத்தினி மாசம் பேனாவ மூடி வெச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? இத ஊரு படிக்க வாணாம்மா."

பேனாவை வாங்கி, என் அரைப் பக்கத்தின் மேல் நிதானமாகக் கோடு போட்டார். கோபமில்லை. ஓரத்தில் தன் பழைய வரியையே திரும்ப எழுதினார். பிறகு காபி போட உள்ளே போனவர், என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"நாலு வயசு. வூட்டுக்கு யார் வந்தாலும் செருப்ப எடுத்து ஒளிச்சி வெச்சிடுவா. அவங்க போவக் கூடாதாம்."

மகளுக்குக் காய்ச்சல் ஏறியபோது இவர் வேறொரு ஊரில் பிரசவத்துக்குப் போயிருந்தாராம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

"அன்னிக்குப் பொறந்த பொண்ணுக்கு இப்ப கல்யாணம் ஆயிடுச்சி. என்னியப் பாத்தா கையெடுத்துக் கும்புடும். நான் நின்னு பேச மாட்டேன்" என்றார்.

காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மலர் வந்தபோது அச்சகத்தில் பக்கம் போதாமல் இன்னும் குறைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியும் அதில் இல்லை. நர்சம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. போட்டோவில் முகம் கறுப்பாக விழுந்துவிட்டதென்று மட்டும் குறைப்பட்டார். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் காபி கொடுத்து மலைச் சேதி விசாரிப்பார். பாப்பாவின் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.